மீன் எங்கே?

நாங்கள் பதினான்கு பேர். ஞாயிறு விடியலில் கேமராவோடு கிளம்பி, சென்னையின் ஏதாவதொரு மூலையைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பத்து மணிக்கு ஒருவர் வீட்டு டிவியில் படங்களைப் போட்டு அலசுவோம். "குறை இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். பந்தியில் "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்பார்களே, அந்த ரகம். மூன்றாம் முறை பாயசம் கேட்டுப் பார்த்தால்தான் அதன் அர்த்தம் விளங்கும்.

எங்களில் பாதிப் பேர் 'சூப்பர்' கட்சி. ஒருமுறை கேமரா பைக்குள் போகும்போது தானாகவே கிளிக்காகி என் செருப்பைப் பிடித்துவிட்டது. அதற்கும் "சூப்பர், செம மூட்" கிடைத்தது.

அடுத்தது ஜாதகக் கட்சி. இவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று நட்சத்திரம், ராசி, பாதம் விசாரிப்பார்கள். "ஐஎஸ்ஓ 3200" என்றால், ஏழரைச் சனி என்று கேள்விப்பட்டதுபோல உச்சுக்கொட்டுவார்கள்.

மூன்றாவது, எங்கள் சீனியர் சார். தனி நபர் கட்சி. பிலிம் காலத்து ஆள். எந்தப் படத்தைக் கண்டாலும் அவர் கையில் கத்தரி முளைத்துவிடும். என் மெரினா படத்தில் இந்தப் பக்கம் க்ராப், அந்தப் பக்கம் க்ராப் என்று சொல்லி, கடைசியில் மிஞ்சியது பாஸ்போர்ட் சைஸில் ஒரு சுண்டல் பொட்டலம்.

"வானம் வெளிறிப் போச்சு" என்பது அவருடைய இன்னொரு தீர்ப்பு. 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப்புக்கும் இதே தலைவலிதான். அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு அளவுமீறி மயங்கும். வானம் வெள்ளைத் தாளாகிவிடும். மனிதர் நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டினார். எங்கள் குழுவில் இருந்திருந்தால், "போட்டோஷாப்பா?" என்று கேட்டே துரத்தியிருப்போம்.

நான் மட்டும் யோக்கியனா? நண்பர் ஒருவர் பேரனின் படத்தைக் காட்டினார். "குழந்தை தலையில கரண்ட் கம்பம் முளைச்சிருக்கு பாருங்க" என்றேன். உண்மைதான், ஓரடி நகர்ந்து நின்றிருந்தால் தப்பியிருக்கும். ஆனால் அந்த 'ஓரடி நகர்ந்து' என்பதைச் சொல்வதற்குள் சிரித்துவிட்டேன். அந்தப் படம் மூன்றடி உயரத்தில் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து டீக்கடையில் என் காசை நானே கொடுக்கிறேன்.

மீன்கள் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. புதிதாகக் கேமரா வாங்கியவருக்கும் அப்படியொரு தடைக்காலம் கொடுத்தால் என்ன? பாவம், முட்டையிலேயே வலை வீசுகிறோம்.

தடை இல்லாத ஒரு ஞாயிறு, காசிமேட்டில், மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் கேட்டுக்கொண்டு படமெடுத்தேன். புது 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. பின்னணி வெண்ணெயாக உருகியிருந்தது. பெருமையோடு திரையைக் காட்டினேன்.

"இன்னா தம்பி, மூஞ்சிய மட்டும் புட்ச்சிருக்க? மீன் எங்க?"

விழித்தேன்.

"மீன் இல்லாட்டி நா யாருன்னு எப்டித் தெரியும்? அப்டிக்கா தள்ளி நின்னு கூடையோட எடு."

என்ன இல்லை, ஏன் வேண்டும், எப்படி எடுப்பது என மூன்றும் அதில் இருந்தன. பதினான்கு பேர் இரண்டு வருடமாகத் தராதது. எஃப் 8 வைத்து, நாலடி பின்வாங்கி எடுத்தேன். அக்கா, சங்கரா மீன் கூடை, ஐஸ், பின்னால் படகுகள் என்று எல்லாமே விழுந்தன.

பத்து மணிக்கு டிவியில் போட்டேன். பாதிப் பேர் "சூப்பர்" என்றார்கள். மூன்று பேர் ஜாதகம் கேட்டார்கள். சீனியர் சார் நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. கீழ அந்த மீனை மட்டும் க்ராப் பண்ணிடுங்க."

"கண்டிப்பா சார்" என்று சொல்லிவிட்டு, க்ராப் பண்ணாமலே பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் அக்காவிடம் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். 'சூப்பர்' வரும் என்று நின்றேன்.

"தராசு வுழலியே தம்பி."