தனி அலுவலருக்குப் பல்லாண்டு

சென்னையை அடுத்த எங்கள் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்தது 2021 செப்டம்பரில். டென்மார்க்கிலிருந்து வழங்கப்படும் அந்தச் சான்றுக்கு 33 அளவுகோல்கள் உண்டு. கடல்நீர் சுத்தமா, மணலில் குப்பை கிடக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, நீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற ஆள் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஊருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி உண்டா என்ற கேள்வி அந்த 33-ல் இல்லை. அது நம்மை ஆண்டவர்களின் நல்லூழ். அந்தச் செப்டம்பரில் கோவளத்துக்குத் தலைவர் இல்லை, துணைத் தலைவர் இல்லை, பேருக்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. 2016 அக்டோபர் 24-ல் பழைய ஊராட்சியின் காலம் முடிந்ததிலிருந்தே இல்லை. கடல் கடந்து கொடி வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்தில் திருப்போரூரிலிருந்து வரவேண்டிய வாக்குப்பெட்டி அதற்கு அடுத்த மாதம்தான் வந்தது.

இப்படி ஒரு சாதனையைச் செய்து முடித்தவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

முதல் மாலை அரசியல் சட்டத்தை வென்றவர்களுக்கு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று எழுதிவைத்தது. அந்தக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரண நிலை தவிர வேறு சாக்கு செல்லாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. இத்தனை பூட்டுகளையும் ஒரு ஜன்னல்கூட உடையாமல் திறந்த கைகள் சாதாரணக் கைகளா? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவேண்டிய தேர்தலின் அறிவிக்கை, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. ரத்தானதைச் சரிசெய்து மறுபடி அறிவிக்க எத்தனை வாரம் ஆகும்? அ.தி.மு.க. அரசு அவசரப்படவில்லை. ஊராட்சிகளை நடத்தத் தனி அலுவலர்களை நியமித்தது. அவர்களுடைய பதவிக் காலத்தை ஆறு மாதம் நீட்டியது, பிறகு இன்னொரு ஆறு மாதம், பிறகும் ஆறு மாதம். ஒரு தேர்தலை நடத்தத் தேவையான உழைப்பைவிட அதிக உழைப்பு அந்த மசோதாக்களில் போயிருக்கும்.

கடைசியில் 2019 டிசம்பரில் தேர்தல் வாசலுக்கு வந்தே விட்டது. அப்போதும் எங்களைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. நவம்பர் 29-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்பதால் டிசம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கிவைத்து, நான்கு மாதத்தில் அங்கே தேர்தலை நடத்தச் சொன்னது. மற்ற இடங்களில் 9,624 ஊராட்சிகள் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. மீதி 2,901 ஊராட்சிகள் காத்திருந்தன. கோவளம் அவற்றுள் ஒன்று. நான்கு மாதம் ஒன்றேமுக்கால் ஆண்டாக வளர்ந்தது. பிறந்த மாவட்டம் தன் குடிமக்களுக்குத் தந்த முதல் சீதனம் அது.

அடுத்த மாலை தனி அலுவலருக்கு. இதை அவரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி அலுவலராக அமர்த்தப்பட்டவர் வட்டார வளர்ச்சி அலுவலர்; அந்த வேலையே சும்மா இல்லை. நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், கழிப்பறைத் திட்டம், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் எல்லாவற்றுக்கும் அவர்தான். இத்தனைக்கும் மேலே ஊராட்சிகளின் தலைவராகவும், துணைத் தலைவராகவும், வார்டு உறுப்பினர் அத்தனை பேராகவும் அவரையே ஆக்கினார்கள். திருப்போரூர் ஒன்றியத்தில் 50 ஊராட்சிகள். ராவணனுக்குக்கூடப் பத்துத் தலைதான். ஐயா, நீங்கள் ஐம்பது தலையைத் தாங்கினீர்கள். தீர்மானம் போடுவதும் நீங்கள், அதை நிறைவேற்றுவதும் நீங்கள், ஏன் நிறைவேறவில்லை என்று கேட்கவேண்டியவரும் நீங்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒருவரை ஒருவர் கண்காணிக்க வைத்திருந்த ஏற்பாடு உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே வந்து அடங்கியது. உங்களுக்குள் நீங்கள் சண்டை போட்டதாகத் தகவல் இல்லை.

உங்கள் தகுதியிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கோப்பு எழுதத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும், மேலதிகாரி கேட்டால் அன்றைக்கே அறிக்கை கொடுக்கத் தெரியும். கோவளத்தை ஆள இவை போதாதா? மீனவர் குப்பத்தில் எந்தத் தெருவுக்குக் குடிநீர் முதலில் வரவேண்டும், தர்காவுக்கு வெள்ளிக்கிழமை கூடும் கூட்டத்துக்கு எங்கே விளக்குப் போடவேண்டும், கார்மேல் மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் எந்த வாய்க்காலைத் தூர் வாரவேண்டும், சனி ஞாயிறு சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வந்து குவியும் கார்கள் விட்டுப்போகும் குப்பையை யார் எடுப்பது என்பதெல்லாம் சில்லறை விஷயம். அதைத் தெரிந்துவைத்திருப்பவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர். தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்கலாம். அவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மாற்றல் உத்தரவு வரும், நீங்கள் போவீர்கள், இன்னொரு ஐயா வருவார், எங்கள் ஊர்ப் பெயரை முதலிலிருந்து கற்றுக்கொள்வார்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையேறியபோது ஊராட்சி போய் ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அந்த இரவுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒரு ஆள் தெருவில் இல்லை. 2020-ல் பெருந்தொற்று வந்தபோதும் இல்லை. 2021-ல் தடுப்பூசிக்குப் பயந்து குப்பத்து மக்கள் ஒதுங்கியபோது தொண்டு அமைப்பினர்தான் வந்து நின்றார்கள். ஊசி போட்டுக்கொண்டால் பிரியாணி, குலுக்கலில் பரிசு என்று அறிவித்தார்கள். அது நாடெங்கும் செய்தியாகி எங்கள் ஊர் பெயர் எடுத்தது. அந்தத் தொண்டர்களை மனதார வணங்குகிறேன். ஒவ்வொரு வார்டிலும் நம்பிக்கையான ஒரு உறவுக்காரர் உறுப்பினராக இருந்து, அத்தை, மாமா என்று வாசல் வாசலாகப் பேசியிருந்தால் எங்களுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத இடம் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததும் அதே 2016-ல்தான். மூன்றில் ஒரு பங்காக இருந்ததைப் பாதியாக உயர்த்திய பெருமனம் அது. உயர்த்திய கையோடு மொத்த இடங்களைப் பூஜ்யமாக்கினார்கள். செங்கல்பட்டுப் பெண்கள் ஐந்தாண்டு காலம் பூஜ்யத்தில் பாதியை ஆண்களோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லாததால் 14-ஆவது நிதிக் குழுவின் மானியத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஊருக்குப் பணம் வராவிட்டால் ஊரில் ஊழல் எப்படி நடக்கும்? அந்தத் தூய்மைக்கும் ஒரு நன்றி.

எங்கள் தொகுதிக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு வாய்த்தது. 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த 18 சட்டமன்ற உறுப்பினர்களில் திருப்போரூர் உறுப்பினரும் ஒருவர். இடைத்தேர்தல் வந்து முடிவு தெரிந்தது 2019 மே மாதம். அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் கோவளத்துக்காரர் ஒருவர் தன் வாக்கால் போய் அமர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள டெல்லியில் ஒரு எம்.பி. மட்டுமே மிச்சம். சாக்கடை அடைத்துக்கொண்டால் நாடாளுமன்றத்தில் கேட்கலாம். தேர்தல் நடத்த முடியாத ஊரா இது? 2019 ஏப்ரல் 18-ல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்களித்தோம். 2021 ஏப்ரல் 6-ல் மறுபடி சட்டமன்றத்துக்கு வாக்களித்தோம். பள்ளிக்கூடம் இருந்தது, பட்டியல் இருந்தது, மை இருந்தது, விரலும் இருந்தது. கோட்டைக்கும் டெல்லிக்கும் ஆள் அனுப்பத் தகுதி உள்ள அந்த விரலுக்குத் தன் தெருவிளக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தகுதி மட்டும் வரவில்லை.

இன்னொரு மாலையை உத்திரமேரூரில் போய்ப் போடவேண்டும். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்த ஊர். 2020 டிசம்பர் 10-ல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் அந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். தமிழ்நாடே மகிழ்ந்தது. அன்றைக்கு அதே உத்திரமேரூர் பேரூராட்சிக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் நான்கு ஆண்டு கடந்திருந்தது. அடுத்த தேர்தலை அந்த ஊர் பார்த்தது 2022 பிப்ரவரியில். கல்வெட்டை மட்டும் கண்ணாகப் பாதுகாத்தோம்.

கட்சி பேதம் பார்க்காமல் வாழ்த்துவதுதான் முறை. தமிழ்நாட்டில் இரண்டு கழகங்களும் எதிலும் ஒத்துப்போகாது என்பவர்கள் சென்னை மாநகராட்சியின் கதையைப் படிக்கவேண்டும். 1973-ல் தி.மு.க. ஆட்சியில் கலைத்த மன்றம் எம்.ஜி.ஆர். ஆட்சி முழுவதும் அப்படியே கிடந்தது. பின்னால் வந்தவர்களும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. 23 ஆண்டு கழித்து 1996-ல்தான் அந்த நகரம் மேயரைப் பார்த்தது. 2020 டிசம்பரில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க., ஊர் ஊராக மக்கள் கிராம சபை நடத்தி, உள்ளாட்சி செத்துக்கிடக்கிறது என்று சரியாகவே பேசியது. ஆட்சிக்கு வந்தபின் 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக்குத் தேர்தலும் நடந்தது. நடந்ததற்கு உச்ச நீதிமன்றம் வைத்த கெடுவும் ஒரு காரணம். அதே ஆட்சியில் 2025 ஜனவரி 5-ல் மற்ற மாவட்டங்களின் 9,624 ஊராட்சிகளுக்குக் காலம் முடிந்தபோது அங்கே தேர்தல் அறிவிக்கை வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள்.

உலகில் இந்த வழியை நாம் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், கடனில் சிக்கிய நகரங்களுக்கு ஆளுநரின் அரசு ஒரு அவசரகால நிர்வாகியை அமர்த்தி, தேர்ந்தெடுத்த மன்றத்தின் அதிகாரத்தை அவரிடம் கொடுக்கலாம் என்று சட்டம் செய்தது. 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதே வேலையைச் செய்யும் இன்னொரு சட்டத்தை, மக்கள் வாக்கெடுப்பால் தொட முடியாதபடி நிறைவேற்றியது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஃபிளின்ட் நகரம் அப்படி நிர்வாகியின் கையில் இருந்தபோதுதான், செலவு மிச்சம் என்று 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. மக்கள் பழுப்பு நீரைப் பாட்டிலில் ஏந்திக் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து காட்டினார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய டெட்ராய்ட் நீருக்கே திரும்பவேண்டும் என்று தீர்மானம் போட்டது. நிர்வாகி ஏற்கவில்லை. மன்றத்துக்கு வாய் இருந்தது, அதிகாரம் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் வரை அதே தண்ணீரைக் குழந்தைகள் குடித்தன.

இந்த இடத்தில் புகழ எனக்கு வாய் வரவில்லை. ஈயம் ஏறிய குழந்தையின் மூளைக்குப் பிற்பாடு எந்தத் தேர்தலும் மருந்து இல்லை. கோவளத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது உண்மைதான். நடந்திருந்தால் தீர்மானம் போடக்கூட எங்களுக்கு ஒரு மன்றம் இல்லை என்பதும் உண்மை.

கடைசி மாலை எங்களுக்கே. ஐந்தாண்டு, ஒரு மறியல்கூட இதற்காக ஈ.சி.ஆரில் நடந்ததாக நினைவில்லை. கேபிள் இணைப்பு ஒரு நாள் நின்றால் ஆபரேட்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிற நாங்கள், ஊராட்சி நின்றதற்கு யார் கதவையும் தட்டவில்லை. இவ்வளவு பொறுமையான மக்களைப் பெற்ற அரசு பாக்கியம் செய்தது.

செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டு முடியும் மாதம் 2026 அக்டோபர். வார்டு வரையறையையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் எப்போது முடிக்கவேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தேதி ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த தேதி. அதற்குள் நான்கு நிற வாக்குச்சீட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரட்டும். ஐம்பது தலைகளையும் மறுபடி சுமக்காமல் தனி அலுவலர் ஐயா தன் சொந்த வேலையைப் பார்க்கட்டும். அவருக்குப் பல்லாண்டு பாட இந்த ஊரில் ஆளில்லாமல் போனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.