கதவுக்கு ஒரு பேட்டரி

கலிஃபோர்னியாவில் வீட்டுக்கு வாசல் என்று ஒன்று உண்டு, கூரியர்காரருக்காக. வீட்டுக்காரர் போவதும் வருவதும் பெரும்பாலும் கராஜ் வழியேதான். பொத்தானை அமுக்கினால் 16 அடி அகலக் கதவு பணிவோடு மேலே ஏறும். மின்சாரம் உள்ளவரை.

2017 அக்டோபரில் மாநிலத்தின் வடக்கே காட்டுத்தீ மூண்ட இரவில் மின்சாரமும் போயிற்று. கதவைத் திறக்க முடியாமல் சிலர் மாண்டார்கள். மறுவருடம் எஸ்பி 969 என்ற சட்டம் வந்தது: 2019 ஜூலை 1 முதல் விற்கும், பொருத்தும் கராஜ் கதவு இயக்கிகளில் பேட்டரி இருந்தாக வேண்டும். மீறினால், ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் அபராதம்.

பேட்டரி எதற்கு, சிவப்புப் பிடி போட்ட கயிறுதான் மேலே தொங்குகிறதே என்பார்கள். தொங்குகிறது. இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்கலாம். ஸ்பிரிங் உடையாமல் இருந்து, கை எட்டி, புகையில் கயிறும் கண்ணில் பட்டு, எழுபது வயதுத் தோளும் சம்மதித்தால். சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வேடிக்கை சட்டம் அமலுக்கு வந்த 2019 அக்டோபரிலேயே நடந்தது. காற்று பலமாக அடிக்கிறது, கம்பியில் பொறி பறக்கும் என்று மின் நிறுவனமே லட்சக்கணக்கான இணைப்புகளைத் துண்டித்தது. பேட்டரி விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் கொடுப்பார்கள்?

பழைய இயக்கி வைத்திருப்பவரைச் சட்டம் சீண்டவில்லை, கதவை மாற்றும்வரை. புதுக் கதவு போட்டால், நன்றாக ஓடும் பழைய மோட்டாரோடு அதை இணைக்கக் கூடாது. நெளிந்த கதவே போதும் என்று இருப்பவரை யார் கோபித்துக்கொள்வது?