டிரிப்ஸ் பாட்டிலுக்கு ஒரு பில்

அனுப்புநர்: மைசூரில் குடியிருக்கும், இன்னும் இரண்டு மாதத்தில் தாத்தா ஆகப்போகிற ஒருவன்.

பெறுநர்: உயர்திரு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள், கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: அரசு ஆஸ்பத்திரி டிரிப்ஸ் பாட்டிலை விலைக்குத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பாட்டில் என்றதும் வேறு துறைக்குத் திருப்பி விடாதீர்கள். அந்தப் பாட்டிலுக்கு மூடிமேல் கலால் வில்லையாவது உண்டு. நான் சொல்வது நரம்பில் ஏற்றும் பாட்டில்.

2024 நவம்பர் 9 முதல் 11 வரை பெல்லாரி அரசு ஆஸ்பத்திரியில் 34 சிசேரியன் நடந்ததாக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் கணக்குச் சொன்னார். ஏழு பேருக்குச் சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகள் பழுதாயின. டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஐந்து தாய்மார்கள் போய்விட்டார்கள். சந்தேகம் அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் மேல் விழுந்தது. உப்பு, பொட்டாசியம், கால்சியம், சோடியம் லாக்டேட், தண்ணீர்: அதில் இருக்கவேண்டிய சரக்கு இவ்வளவுதான். தயாரிப்பில் பாக்டீரியா நஞ்சு சேர்ந்துவிட்டாலோ, கிருமி செத்திருந்தாலும் நஞ்சு சாகாது. குளிர் நடுக்கம் வரும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் நின்றுபோகும்.

பச்சிம் பங்கா ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற கம்பெனி அனுப்பிய அந்த டிரிப்ஸ் சரக்கில் சில பேட்ச்கள் தேறவில்லை என்று மாநில ஆய்வகம் முன்பே சொல்லியிருந்தது. மத்திய ஆய்வகம் தேறும் என்றது. இரண்டு வைத்தியர் இரண்டு விதமாகச் சொன்னால் நாங்கள் மூன்றாமவரிடம் போவோம். சட்டத்தில் மூன்றாமவர் கிடையாது, மத்திய ஆய்வகம் சொன்னதே முடிவு. நிறுத்திவைத்த சரக்கு மறுபடி வார்டுக்கு வந்தது. பிறகு உங்கள் நாற்காலியில் இருந்தவரை சஸ்பெண்ட் செய்தார்கள். 2025 ஜனவரியில் மேற்கு வங்க மேதினிப்பூரில் ஒரு தாய் இறந்தார். சந்தேகம் அதே கம்பெனி பாட்டில் மேல், சஸ்பெண்ட் ஆனவர்கள் 12 டாக்டர்கள். பாட்டிலை யாரும் சஸ்பெண்ட் செய்ய முடியாது, அது காலியாகிவிட்டது.

மருந்துச் சட்டத்தை ஒருவர் உதவியுடன் படித்தேன். 26ஆம் பிரிவு பொன்னான பிரிவு. சாதாரண ஆள்கூடக் கட்டணம் கட்டி ஒரு மருந்தை அரசு ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாம். ஒரே நிபந்தனை, அவர் அதை விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். என் மருமகளுக்கு நீங்கள் இலவசமாக அல்லவா ஏற்றப்போகிறீர்கள்!

கலப்பட மருந்தால் சாவு என்றால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, குறைந்தது 10 லட்சம் அபராதம். அது இறந்தவர் குடும்பத்துக்கே சேரும். வெறும் 'தரக்குறைவு' என்று எழுதிவிட்டால் ஓரிரண்டு ஆண்டுதான். அதையும் 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி சமரசமாக முடித்துக்கொள்ளலாம். ஜனங்கள் மேல் விசுவாசம் என்று பெயர் வைத்தவர் ரசிகர்.

பக்கவிளைவைப் புகார் செய்ய 1800-180-3024 இருக்கிறது. தமிழில்கூடப் படிவம் உண்டு. எங்கள் ஊர் ஜேஎஸ்எஸ் ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பு மையமும் உண்டு. கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று 2002 முதல் டாக்டர்களுக்கு விதியும் இருக்கிறது. பேட்ச் எண்ணுக்குத்தான் வழியில்லை. ஒருமுறை துணைக்குப் படுத்திருந்தபோது பார்த்தேன்: பாட்டிலில் நீளமாகப் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தக் கோடுவரை இறங்கவேண்டும் என்று நர்ஸம்மா பேனாவால் எழுதியிருந்தார். பேட்ச் எண் அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில். விடியற்காலையில் ஆயா வந்து கழற்றிப் பக்கெட்டில் போட்டுவிட்டுப் போனார்.

ஆகவே, பாட்டில் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு, பேட்ச் எண் போட்டு பில் கொடுங்கள். பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சில்லறை செல்லாது. அதைக் கொடுத்ததால் நோயாளி நுகர்வோர் ஆகிவிட மாட்டார் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரிடமும் கட்டணம் வாங்காத ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆனால் அதே தீர்ப்பில், சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்றால் இலவசக்காரரும் நுகர்வோர்தான்.

பில் போட முடியாதென்றால் ஒரே ஒரு பணக்காரரை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கட்டணம் வாங்குங்கள். அவர் தயவில் நாங்கள் எல்லோரும் கோர்ட் படி ஏறிக்கொள்கிறோம். இது என் துறை இல்லை என்பீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் உங்கள் துறை என்பார்கள். நகல் இருவருக்கும் போகிறது. வருகிற பணக்காரருக்கு ஜன்னலோரக் கட்டிலை விட்டுத்தர வார்டில் எல்லோரும் சம்மதிப்பார்கள். சுற்றுகிற ஃபேன் ஒன்றுதான் என்றால் அதையும் அவர் பக்கமே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
இதுவரை நுகர்வோர் ஆகாத ஒருவன்