ரெண்டு கணக்கு வைக்கிற யோக்கியர்

ஒரு வியாபாரி ரெண்டு கணக்கு வைத்திருக்கிறார் என்றால் வரி அதிகாரிகளுக்குக் காது விடைக்கும். கீழ்பென்னாத்தூர் ஆசாமி விஷயத்தில் அந்தச் சிரமம் வேண்டாம். இவருடைய ரெண்டிலும் இருப்பது ஒரே கணக்குதான். ஒன்று நோட்டில், இன்னொன்று ஆன்லைனில். ஒரு பைசாவைக்கூட ஒளிக்காமல், அதே வேலையை ரெண்டு தடவை செய்கிற அபூர்வப் பிறவி.

எந்தக் கடை என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறி, கீழ்பென்னாத்தூரில் இறங்கி, எந்தப் பக்கம் நடந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். மளிகை, உரம், ஹார்டுவேர், எதுவாகவும் இருக்கலாம். நமக்கு மளிகைக்காரர் போதும். கல்லாவுக்கு இடப்பக்கம் லேப்டாப், வலப்பக்கம் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. லேப்டாப் மேல் தூசு விழாமல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். நோட்டுக்குத் துண்டு தேவையில்லை, அதன் மேல் தூசு உட்கார நேரம் கிடைப்பதில்லை.

விற்பனை வரிக் காலத்தையும், 2007-இல் வந்த வாட்டையும் இந்த நோட்டே சமாளித்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதுதான் கடைக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. மகள் பி.காம். முடித்தபின் மொத்தத்தையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோனாள். 'டேலி' பிறந்த கதையும் ஏறக்குறைய இதுதான் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்: ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்துவந்த ஒரு வியாபாரி, தன் தொழிலுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார், 1986-இல் கம்பெனி பிறந்தது, 2020-இல் மகனுக்குப் பத்மஸ்ரீ. இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அப்பா நோட்ட இன்னா பண்ணாராம்?" என்றார். மகளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதவரைக்கும் நோட்டு இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்கவேண்டும். மேலே பிள்ளையார் சுழி. கீழே 'லாபம்'. அதற்குக் கீழே ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டு, மஞ்சள் தடவி. அடுத்த நாலு பக்கம் ஓடிபி. ஓடிபி இவருடைய பட்டன் போனுக்குத்தான் வரும். வந்ததும் கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, தேதி போட்டு, நோட்டிலும் எழுதிக்கொள்வார். பத்து நிமிஷத்தில் செத்துப்போகிற நம்பர் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "கவர்மெண்டு அனுப்பின நம்பரு. நாளைக்கு எவனாவது கேட்டா?"

பில் நம்பர் போடுவதில் ஒரு தகராறு. இவருக்கு ஒன்று என்கிற எண்ணே கிடையாது. படியால் அளந்தாலும் 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் போகும். முதல் பில்லும் லாபத்தில்தான் தொடங்கவேண்டும் என்றார். ஜிஎஸ்டி விதி 46, பில் நம்பரில் எழுத்து, எண், சின்னக் கோடு எல்லாம் சேர்த்துப் பதினாறுக்குள் வரலாம் என்கிறது. பதினாறு இடம் கொடுத்தவர்கள் பிள்ளையார் சுழிக்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் என் ஓட்டு இவருக்குத்தான்.

இன்னொரு நாள், பரணிலிருந்து தன் அப்பாவின் பேரேட்டை இறக்கி, வரவுக்கு ஒரு சுழி, பற்றுக்கு ஒரு சுழி போட்டிருப்பதைக் காட்டி, "இது உன் கம்ப்யூட்டர்ல வருமா?" என்று சவால் விட்டார். மகள் ரெண்டு தட்டுத் தட்டினாள். ௷, ௶ ரெண்டும் வந்து நின்றன. 2003-லேயே யூனிகோடில் சேர்த்துவிட்டார்களாம். அன்று முழுக்க இவர் பேச்சு குறைவு. மறுநாள் காலையில், "அப்ப உன் சாஃப்ட்வேர்ல ஏன் அந்தப் பட்டன் இல்ல?" என்று பழைய சுருதிக்கு வந்துவிட்டார்.

ரெண்டு கணக்குக்கும் வருஷப் பிறப்பே வேறு. ஆன்லைனில் ஏப்ரல் 1. நோட்டுக்குச் சித்திரை ஒன்றாம் தேதி பூஜை. நடுவில் அநாதையாகக் கிடக்கும் பதின்மூன்று நாள் வியாபாரம் பழைய நோட்டின் பின்னட்டையில் ஏறும். வரிக்கணக்குப் பார்க்கிறவரை நம் ஊர்களில் ஆடிட்டர் என்போம், அவர் சி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆடிட்டர் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி: "பின்னட்டைய கொண்டாந்தீங்களா?"

அவர்தான் ஒருமுறை சொன்னார், கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருந்தால் போதும், மீதியை எடைக்குப் போடுங்கள் என்று. "அது கவர்மெண்டு ஞாபகம். ஆறு வருஷந்தான் தாங்கும்" என்றார் இவர். பரணில் மூன்று தலைமுறை நோட்டு இருக்கிறது. எலியைக்கூட இவர் கடன் பாக்கி வைக்கவிடுவதில்லை. கடித்த பக்கத்தை உடனே நகல் எடுத்துவிடுவார்.

கம்ப்யூட்டர் மேல் இவருக்குள்ள உண்மையான வருத்தம் ஒன்றே ஒன்று. அதில் தப்பை அழித்தால் தடமில்லாமல் போய்விடுகிறது. நோட்டில் அப்படியில்லை, ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, அடியில் இருப்பது தெரியவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு கட்டாயம் இருக்கவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டதும், மனிதர் ஒரு வாரம் மார்பை நிமிர்த்திக்கொண்டே மிளகாய் நிறுத்தார். அது கம்பெனிகளுக்கு, நம் கடைக்கு இல்லை என்று மகள் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை.

கம்ப்யூட்டரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீதம் வரி என்றார்கள். ஆரணிப் பக்க அரிசி 26 கிலோ மூட்டையில் வர ஆரம்பித்தது. ரெண்டையும் குழப்பாமல் வைத்திருந்தது லேப்டாப்தான். 2025 செப்டம்பர் 22-இல் நெய் 12-லிருந்தும், சோப்பு 18-லிருந்தும் 5-க்கு இறங்கின ராத்திரியிலும் மகள் அதில்தான் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் பழைய கடன் பாக்கியை உள்ளே ஏற்றியபோதுதான் லேப்டாப் திணறியது. கெடு தேதி கேட்டது. நோட்டில் 'மல்லாட்டை (வேர்க்கடலை) புடுங்கினதும்' என்று இருந்தது.

"தேதி சொல்லுப்பா."

"மழை எனுக்குச் சொன்னா, நான் உனுக்குச் சொல்றேன்."

அடுத்தது பெயர். அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு இவ்வளவு கிட்டத்தில் கடை வைத்தால் வாடிக்கையாளரில் எத்தனை அண்ணாமலை இருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ரெண்டாவது அண்ணாமலையிலேயே 'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது' என்று மென்பொருள் மறித்தது. நோட்டில் அந்தக் குழப்பமே இல்லை: டிராக்டர் அண்ணாமலை, மாடிவீட்டு அண்ணாமலை, நாலு பொண்ணு அண்ணாமலை, இழுத்தடி அண்ணாமலை. மகள் அலுத்துப்போய் அப்படியே அடித்து ஏற்றிவிட்டாள்.

மென்பொருளுக்கு ஒரு நல்ல பழக்கம். மாதம் பிறந்தால் பாக்கி வைத்தவர்களுக்குத் தானாக வாட்ஸப் அனுப்பும், அதுவும் மரியாதையாக. 'அன்புள்ள இழுத்தடி அண்ணாமலை அவர்களுக்கு, தங்கள் நிலுவைத் தொகை ரூ.4,370' என்று போய்ச் சேர்ந்தது.

விடிவதற்குள் மனிதர் கடை வாசலில் நின்றார். வருஷக் கணக்காகக் கொடுக்காத பணத்தை முழுசாகக் கல்லாவில் வைத்தார். "அண்ணே, என் பேரன் வாசிச்சுட்டான். அந்தப் பேர எடுத்துடு."

மகள் லேப்டாப்பில் ஒரு தட்டில் எடுத்துவிட்டாள்.

"நோட்லியும் எடு."

முதலாளிக்குத் தர்மசங்கடம். எழுதினதைக் கிழிக்கிற வழக்கம் மூன்று தலைமுறையாக இல்லை. கடைசியில் ஸ்கேல் வைத்து, 'இழுத்தடி' மேல் நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்துக் காட்டினார். அண்ணாமலை குனிந்து பார்த்தார். கோட்டுக்கு அடியில் அது முன்னைவிட நன்றாகவே வாசிக்கத் தெரிந்தது.