நுரை ரசிகர்

நுரை ரசிகரைக் கல்யாணப் பந்தியில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அதுவும் இலையில் இருப்பதைப் பற்றி அல்ல, போன வருஷம் பாங்காக்கில் சாப்பிட்டதைப் பற்றி. பச்சடி, கூட்டு, பொரியல், அப்பளம் என்று மளமளவென்று இலையில் வந்து விழுவதைப் பார்த்து லேசாக முகம் சுளிப்பார். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல வச்சா நாக்கு எதைக் கவனிக்கும், சொல்லுங்க?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்பார். ரச வாளியோடு வரும் பையனை நிறுத்தி, "இதை நடுநடுவுல கொஞ்சங் கொஞ்சமா குடுக்கணும் தம்பி, நாக்கைத் துடைச்சு விடும்" என்று பாடம் எடுக்கத் தொடங்குவார். "கையில வாங்குறீங்களா, சோத்துல ஊத்தவா? சட்டுனு சொல்லுங்க சார், அடுத்த பந்தி நிக்குது" என்று பையன் வகுப்பை முடித்துவைப்பான்.

ஆள் நாற்பதைத் தாண்டியவர். கைநிறையச் சம்பளம். கேமரா லென்ஸ், ஒரே எஸ்டேட் காபிக்கொட்டை, ஒயின் என்று ஒவ்வொரு மோகமாகக் கடந்து இங்கே வந்து சேர்ந்தவர். இங்கே என்றால் மாலிக்யூலர் கேஸ்ட்ரானமி, அதாவது அறிவியலை அடுப்படிக்குக் கொண்டுவந்த சமையல். பத்துப் பதினைந்து பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு கவுன்ட்டர், எதிரே சமையற்காரர், ஆர்டர் எடுக்கும் வழக்கமே கிடையாது, அவர்கள் வைப்பதை வைத்த வரிசையில் சாப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வாய், மிஞ்சினால் இரண்டு வாய். அப்படி இருபது, இருபத்தைந்து. ஒன்று புகையும், ஒன்று வெடிக்கும், ஒன்று வெறும் நுரையாக வந்து உட்காரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சமையலைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் குறும்புக்காரர்கள். 1969-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நிக்கோலஸ் குர்ட்டி என்ற ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியல் பேராசிரியர் சமையலறையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வெளியே சூடாகவும் உள்ளே ஐஸ்கிரீமாகவும் இருக்கும் பிரபலமான இனிப்பு ஒன்றைத் தலைகீழாக்கி, வெளியே ஜில்லென்றும் உள்ளே கொதிக்கக் கொதிக்கவும் மைக்ரோவேவ் அடுப்பில் செய்து காட்டினார். பின்னால் 1988-இல் எர்வே திஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரோடு சேர்ந்து இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஸ்பெயினில் எல்புல்லி உணவகத்தை நடத்திய ஃபெரான் அட்ரியா என்ன செய்தார் தெரியுமா? ஆலிவ் காயைப் பிழிந்து சாறெடுத்து, அந்தச் சாற்றை மறுபடி ஆலிவ் உருவத்துக்கே கொண்டுவந்து, எண்ணெய் ஜாடியில் ஊறவிட்டுக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டால் தோல் கிழிந்து சாறு பீறிடும். காயைப் பாடுபட்டுப் பிழிந்து காயாகவே திருப்பித் தருவது கிண்டல் இல்லாமல் வேறென்ன? இங்கிலாந்தின் பிரே கிராமத்தில் ஹெஸ்டன் புளூமெந்தால் மீன் தட்டோடு ஒரு சங்கையும் சேர்த்து அனுப்பினார். சங்குக்குள் ஐபாட். காதில் மாட்டிக்கொண்டால் அலையோசை. கொல்கத்தாவில் பிறந்து பாங்காக்கில் புகழ்பெற்ற ககன் ஆனந்த், எழுத்தே இல்லாமல் வெறும் எமோஜிப் படங்களாலேயே மெனு அச்சடித்தார். ஒரு கட்டத்தில் தட்டைக் கையில் தூக்கி நாக்கால் நக்கச் சொல்லி, அதற்குத் தோதாக கிஸ் குழுவின் ராக் பாட்டையும் ஓடவிட்டார்.

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டுச் சிரிப்புக் காட்ட, எதிரே காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் நம் ஆள் மட்டும் சிரிப்பதில்லை. தட்டை நக்கும்போதுகூட முகத்தில் திதி கொடுக்கும் களை.

எல்புல்லிக்கு அவர் போனதில்லை. வருஷத்தில் ஆறு மாதம் மட்டுமே திறந்து, சுமார் எட்டாயிரம் பேருக்கு மட்டும் இடம் கொடுத்துக்கொண்டிருந்த உணவகம் அது. 2011 ஜூலையில் மூடிவிட்டார்கள். அப்போது நம்மவர் லென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. எங்கே என்ன சாப்பிட்டாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்புல்லி இருந்திருந்தா..." என்று ஒரு பெருமூச்சு வரும்.

மற்ற இடங்களுக்கு முன்பதிவு செய்வதே ஒரு விரதம். முன்பதிவு திறக்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. எனவே நடுராத்திரிக்கு அலாரம். சினிமா டிக்கெட் மாதிரி முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொள்ளும் முறையை சிகாகோவின் நெக்ஸ்ட் உணவகம் 2011-இல் கொண்டுவந்தது. இப்போது பல இடங்களில் அதுதான் வழக்கம். பிறகு ஒரு படிவம் வரும்: உங்களுக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது? வேர்க்கடலை, இறால், பால் என்று எழுத வேண்டிய இடத்தில் நம்மவர், 'எதற்கும் அஞ்சேன்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவார். சமையற்காரர் அதைப் படித்து நெகிழ்ந்துபோவார் என்று நம்புகிறார்.

உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் போன் வெளியே வரும். நுரை ரசிகர் என்று நான் பெயர் வைத்ததற்குக் காரணமே அந்தப் போன்தான். லெசித்தின் பொடியைச் சாற்றில் போட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடித்தால் மேலே பொங்கி வரும் நுரையை அள்ளித் தட்டில் வைப்பார்கள். அதற்கு ஆயுசு மிகக் குறைவு. வைத்தவுடன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இவர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், வெளிச்சம் போதாமல் மனைவியின் போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் என்று எடுத்து முடிப்பதற்குள் நுரை படுத்துவிடும். தட்டில் மிச்சம் ஒரு ஸ்பூன் தண்ணீர். அதைத்தான் கண்ணை மூடிச் சாப்பிடுவார். உலகப் புகழ்பெற்ற நுரைகளில் ஒன்றையாவது அவர் நுரையாகச் சாப்பிட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பாங்காக் விருந்தில் நடந்ததை அவர் சொன்னபோது அதில் இரண்டாவது தயிர் உருண்டை கிடையாது. அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் ராமநாதபுரம் பக்கம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இளம் சமையற்காரர் ஒருவர், குழிந்த சின்னக் கரண்டியில் மசாலா கலந்த தயிரை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த கொழகொழ தண்ணீருக்குள் அலுங்காமல் கவிழ்த்தார். தயிர் கரையவில்லை. முட்டை மஞ்சள் கரு அளவுக்கு உருண்டு நின்றது. தண்ணீரில் சோடியம் ஆல்ஜினேட். தயிரில் இயல்பாகவே கால்சியம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மெல்லிய தோல் கட்டிவிடும். ஓட்டைக் கரண்டியால் அள்ளி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, ஆளுக்கொன்று வைத்தார்.

"ஆல்ஜினேட்னா என்னங்க?"

"அது ஒரு டெக்னிக். பேசாம சாப்பிடு."

அம்மாள் சமையற்காரரையே கேட்டுவிட்டார். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது என்று சொல்லி, போனில் படமும் காட்டினார் அவர். "அட, இது கட்டக்கோரை! எங்க ஊர்ல பொம்பளைங்க கடல்ல முங்கி எடுப்பாங்களே!" என்று கத்தியிருக்கிறார் அம்மாள். உண்மைதான். மன்னார் வளைகுடாவில் பாம்பனைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள், பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் பாசிகளில் கட்டக்கோரையும் ஒன்று; ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான் போகிறது. பேச்சு சுவாரஸ்யத்தில் உருண்டையை முழுசாக வாயில் போடாமல் பாதியில் கடித்துவிட்டார் அம்மாள். தயிர் பீறிட்டுக் கணவரின் கறுப்புச் சட்டையில் அடித்தது. அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏய், சிரிக்காத, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தார் நம்மவர். பார்த்தவர் சமையற்காரர்தான். அவரும் கவுன்ட்டரைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, இன்னொரு உருண்டை செய்து அம்மாள் முன்னால் வைத்தார். இந்த மாதிரி இடத்தில் இரண்டாம் தரம் பரிமாறுவது அபூர்வம். கணவருக்குக் கிடைத்தது டிஷ்யூ பேப்பர்.

அன்றைக்கு ராத்திரி அம்மாள் ஊருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"என்னடி சாப்பிட்ட?"

"தயிர்ல ஒரு உருண்டைம்மா. கட்டக்கோரைல தோல் கட்டி..."

"கட்டக்கோரையையா திங்கக் குடுத்தான்? அப்புறம்?"

"அப்புறம் புகை."

"சோறு?"

"சோறு இல்லம்மா. ஆனா வயிறு நெறஞ்சுபோச்சு, அதான் எப்படின்னு தெரியல."

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனவர்கள் வெளியே வந்து கையேந்திபவனில் பரோட்டா தின்றதாக ஒரு ஜோக் ரொம்ப நாளாக உலவுகிறது. போகாதவர்கள் கட்டிவிட்ட ஜோக் அது. இருபது வாய் என்றாலும் வெண்ணெயும் சர்க்கரையும் கொழுப்புமாக மூன்று மணி நேரம் உள்ளே போகிறது. கடைசி இனிப்புகளைப் பலர் கைக்குட்டை போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். குறை சொல்வதென்றால் சாப்பிடுகிறவரைச் சொல்லலாம், சாப்பாட்டைச் சொல்ல முடியாது.

அம்மாள் போனில் சொன்ன புகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம்மவர் மகனைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போன அன்று, பையன் ஸ்மோக் பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தான். "அதெல்லாம் கெமிக்கல்டா" என்று தரதரவென்று இழுத்துவந்துவிட்டார். இழுத்துவந்தது சரி. அந்தப் பிஸ்கட்டை முக்கியெடுக்கும், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் முழுக்க ஆவியாகிப் போகாமல் வாய்க்குள் போனால் புண்ணாக்கிவிடும். 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே இதைப் பற்றி எச்சரித்தது. ஆனால் அதே நைட்ரஜன் பாங்காக்கில் கவுன்ட்டர் மேல் புகைந்தபோது, "பாத்தியா, இதுதான் சயின்ஸ்" என்று மனைவியிடம் கிசுகிசுத்தவரும் இவரே. ஊற்றுகிறவர் பயிற்சி பெற்றவரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நம்மவர் கண்ணில் பட்ட வித்தியாசம் நுழைவுக்கட்டணம்.

சென்னையிலும் இந்தப் பாணி வந்தாயிற்று. ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017-இல் தொடங்கிய அவர்தனாவில் தென்னிந்தியச் சமையலையே ஏழு முதல் பதின்மூன்று வகை வரை வரிசைகட்டிப் பரிமாறுகிறார்கள். காபி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் இறக்கிக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றும் தெளிவான ரசம் அங்கே பேர்பெற்றது. இந்த மாதிரி விருந்து ஒன்றுக்கு ஊரிலிருந்து வந்த மாமனாரை அழைத்துப் போனார் நம்மவர். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னுரை, பொழிப்புரை எல்லாம் அவரே கொடுத்தார். மாமனார் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். ரசம் வந்ததும் ஒரே மடக்கு.

"மாப்ள, ரசம் பிரமாதம். இன்னொரு டம்ளர் வாங்குங்க."

"மாமா, இது டேஸ்டிங் மெனு. ரெண்டாம் தடவை கேக்கக் கூடாது."

"நல்லா இருக்குன்னா கேக்கத்தானே செய்வாங்க? தம்பி, இங்க வாப்பா!"

தம்பி வந்தார். ரசமும் வந்தது. கூடவே சமையற்காரரும் வெளியே வந்து, புளி எந்த ஊர்ப் புளி என்று மாமனாரோடு நின்று பேசிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் எந்தச் சமையற்காரரும் தானாக வெளியே வந்து நம்மவரோடு பேசியதில்லை. அவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டதோடு சரி.

ஆகவே வாசகர்களே, இந்த மாதிரி விருந்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். கையில் காசு இருந்தால் தப்பே இல்லை. போனைப் பைக்குள் வையுங்கள். உருண்டையைக் கடிக்காமல் முழுசாக வாயில் போடுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், சமையற்காரர் அதற்குத்தான் காத்திருக்கிறார். இன்னொன்று, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத டிக்கெட்டைக்கூடப் பல இடங்களில் வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். நுரை ரசிகர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் டிக்கெட்டை மாமனார் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.