ஏரிக்கரைச் சித்தப்பா

காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் தெருவுக்கு ஒரு சித்தப்பா இப்படி இருப்பார். காணும் பொங்கல் நெருங்கினால் அவருக்கு இயற்கை மேல் ஆசை வந்துவிடும். "பிள்ளைங்களுக்குப் பறவை, தண்ணி, மரம் எல்லாம் காட்டணும்டா" என்பார். காட்டப் போவது வடுவூர் ஏரியை. ஏற்றுவதோ முழு வீட்டை: கேஸ் அடுப்பு, புளியோதரை அண்டா, தயிர்ச்சோற்றுத் தூக்கு, ஆறு பாய், அத்தையின் மூட்டுவலித் தைலம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூடாரம். பாரிஸில் இருக்கும் சகலை அனுப்பியது. பிரெஞ்சுக்காரன் 1954இல் போய்விட்டான். பார்சல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

எல்லை தாண்டும் முன்பே வேனுக்கு டீசல் நிரப்பியாக வேண்டும். தமிழ்நாட்டு விலையில் டீசல் போட்டு இயற்கையை ரசிப்பது அவருக்கு ஒத்துவராது.

"போற வழிதானே" என்பது அவருடைய மந்திரம். திருநள்ளாறு போற வழிதான். திருவாரூர் தியாகராஜரும் போற வழிதான். போன தடவை நானும் கூடப் போனேன். மன்னார்குடி போய்ச் சேரும்போது ராஜகோபாலன் நடை சாத்தியிருந்தது. அதனாலென்ன? ஹரித்ராநதிக் கரையில் பாய் விரிந்தது, அண்டா திறந்தது. "தண்ணி இங்கேயும் இருக்கே" என்று சொல்லிவிட்டு, நடை திறக்கும்வரை குறட்டை விட்டார்.

வடுவூர் ஏரிக்கரையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மேட்டூர்த் தண்ணீரும் மழையும் சேர்ந்து நிரப்பிய ஏரி. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று கூட்டம் கூட்டமாய். சித்தப்பாவின் கணக்கில் எல்லாம் கொக்குதான்: சின்னக் கொக்கு, பெரிய கொக்கு, மூக்கு வளைஞ்ச கொக்கு. நீருக்குள் கழுத்தை மட்டும் நீட்டிய பாம்புத்தாராவைப் பார்த்து, "நனைஞ்ச கொக்கு" என்றார்.

பலகையில் 'ராம்சார்' என்று இருந்ததைப் பார்த்துச் சின்னவன் என்னவென்று கேட்டான். "கோதண்டராமர் ஊர்டா இது. மரியாதையா ராம் சார்னு எழுதியிருக்கான்" என்றார். அது ஈரானில் ஓர் ஊரின் பெயர், 1971இல் ஈரநிலங்களைக் காக்க அங்கேதான் உடன்படிக்கை போட்டார்கள், வடுவூர் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் ராமரே பிடித்திருந்தார்.

பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் ஐந்து நிமிஷம் அசையவில்லை. அப்பாடா, ஒருவழியாக மனிதர் லயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"டேய் தம்பி, டிரைவர் புளியோதரை அண்டாவை மூடாம விட்டுட்டான் பாரு!"

கூடாரம் அடிக்கக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். சித்தப்பா வாதாடவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு வீடு திரும்பியதும் கூடாரம் மொட்டைமாடியில் எழும்பியது. உள்ளே பாய், தலையணை, மிச்சப் புளியோதரை, அவர்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது: "தம்பி, டேபிள் ஃபேனுக்கு ஒரு ஒயர் இழுத்து விடுடா."