இரண்டு ரூபாய் ஏற்றம்

நாள் கூலி இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று தில்லி ஒரு தொகை சொல்வதுண்டு. 2017இல் அது 176 ரூபாய். அதே ஆண்டு அரசே ஒரு நிபுணர் குழு போட்டது. ஆளுக்கு 2,400 கலோரி, 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு என்று இலையில் விழுவதையெல்லாம் நிறுத்துப் பார்த்த குழு, 2019இல் 375 ரூபாய் என்றது. அறிவிப்பு வந்தது: 178!

இதற்கே, கூலியில் அரசு கைவைத்தால் தொழில் படுத்துவிடும் என்று ஒப்பாரி. பதறவேண்டாம் ஐயா, அந்தத் தொகை அப்போது மாநிலங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தவே இல்லை, வெறும் யோசனையாகத்தான் இருந்தது. (யோசனைக்கே இரண்டு ரூபாய்தான் மிஞ்சியது.)

அதே ஆண்டு செப்டம்பரில், மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 30 விழுக்காட்டிலிருந்து 22க்கு இறங்கியது. முதலாளி இலையில் எத்தனை கலோரி என்று யாரும் எண்ணவில்லை. அரசு தலையிடுகிறது என்று ஒருவரும் முனகவுமில்லை.